காக்கிநாடா, 1964: தொழில் தொடங்குற மனசை வகுப்புல வளர்க்க முடியுமா? ஒரு நிகழ்வு ஆய்வு

ஈடிபி (தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பயிற்சி) ட்ரெய்னிங் போனவங்க, காலேஜ்ல ஈ-செல்ங்கிற தொழில்முனைவு மன்றம் நடத்துறவங்க எல்லாருக்கும் ரிங் டாஸ் ஆட்டம் தெரிஞ்சிருக்கும். ஒரு குச்சியை நட்டு வச்சு, எவ்வளவு தூரத்துல நின்னு வளையம் வீசுறோம்னு நம்மளையே முடிவு பண்ணச் சொல்வாங்க. ரொம்பக் கிட்ட நிக்கிறவங்க, ரொம்ப எட்ட நிக்கிறவங்க, நடுவுல நிக்கிறவங்கன்னு பிரிச்சு ட்ரெய்னர் அதுக்கு விளக்கம் சொல்வார். அந்த ஆட்டத்துக்குப் பின்னாடி, வியாபாரிகளுக்கு வகுப்பு நடத்தி அவங்க தொழில் மாறுதான்னு பார்த்த ஒரு பெரிய பரிசோதனை இருக்கு, அது நடந்தது நம்ம பக்கத்து மாநிலமான ஆந்திராவுல, கூடவே நம்ம வேலூர்லயும். பி.காம், எம்பிஏ புத்தகத்துல அரைப் பக்கத்துல காக்கிநாடா பரிசோதனைன்னு முடிச்சிடுறாங்க, பசங்களும் அஞ்சு மார்க் கேள்விக்குப் படிச்சிட்டு விட்டுடுறாங்க. ஆனா பல்கலைக்கழகங்கள்ல தொழில்முனைவுக் கல்வி வந்த வரலாற்றுல, சொல்லிக் கொடுத்தது உண்மையிலேயே வேலை செஞ்சுதான்னு ஊருக்கே போய் வருஷக்கணக்குல பார்த்த முயற்சிகள்ல இது முக்கியமானது. இதை முழுசா எழுதி வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. கலந்துக்கிட்ட வியாபாரிங்க பேர் எதுவும் இதுல வராது.

பின்னணி: ஒரே பல்கலைக்கழகத்துல ரெண்டு வேலை

1947 பிப்ரவரில ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்ல மைல்ஸ் மேஸ்ங்கிற பேராசிரியர் புது நிறுவனங்களை நிர்வகிக்கிறது பத்தி ஒரு பாடம் ஆரம்பிச்சார், 188 பேர் சேர்ந்தாங்க. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல தொழில்முனைவுக்குன்னே வந்த முதல் எம்பிஏ பாடம்னு பொதுவா இதைத்தான் சொல்றாங்க. உலகப் போர் முடிஞ்சு திரும்பி வந்த வாலிபர்கள் காலேஜை நிரப்பியிருந்த நேரம் அது. பெரிய கம்பெனில மேனேஜர் ஆகுறதுக்குத்தான் அதுவரைக்கும் அங்க பாடம் இருந்துச்சு, சொந்தமா ஒண்ணு தொடங்கணும்னு வந்தவங்களுக்குச் சொல்லித்தர ஒண்ணும் இல்லை, அந்த இடைவெளியைத்தான் மேஸ் நிரப்பினார். அந்தப் பாடத்துக்கு வந்தவங்களுக்கு ஆசை ஏற்கனவே இருந்துச்சு. எப்படிச் செய்யணும்ங்கிறதுதான் பாடம்.

அதே பல்கலைக்கழகத்துல இன்னொரு பக்கம் டேவிட் மெக்லெலண்ட்ங்கிற உளவியல் பேராசிரியர் வேற ஒண்ணைத் தோண்டிட்டு இருந்தார். ஒருத்தர் கையில ஒரு படத்தைக் கொடுத்து, இதுல என்ன நடக்குது, ஒரு கதை எழுதுங்கன்னு சொல்வாங்க. அந்தக் கதையில ஒரு வேலையை இன்னும் நல்லா செஞ்சு காட்டணும்ங்கிற எண்ணம் எத்தனை தடவை, எந்த வடிவத்துல வருதுன்னு பார்த்து மதிப்பெண் போடுவாங்க. இந்த எண்ணத்தைத்தான் அவர் சாதனைத் தேவைன்னு சொன்னார், ட்ரெய்னிங் ஆளுங்க இன்னைக்கும் சுருக்கமா 'என்-அச்'னு சொல்றது அதைத்தான். 1961-ல வந்த அவரோட புத்தகத்துல, ஒரு சமூகத்துல இந்த எண்ணம் கூடினா அதுக்குப் பின்னாடி பொருளாதாரம் வளருதுன்னு வாதம் வச்சார். அப்படின்னா அடுத்த கேள்வி தானா வருது. வளர்ந்த ஒரு ஆளுக்கு அந்த எண்ணத்தை வகுப்புல உட்கார வச்சுக் கூட்ட முடியுமா? சின்ன வயசுல வீட்டுல வர்றதுதான், அதுக்கப்புறம் பெருசா மாறாதுன்னுதான் அப்ப உளவியல்காரங்க பல பேர் நினைச்சாங்க.

இந்தியாவுல அப்ப இருந்த நிலைமை

சிறுதொழில் வளரணும்னு அரசு கையில இருந்த எல்லாத்தையும் செஞ்சிட்டு இருந்த காலம். தொழிற்பேட்டை கட்டினாங்க, கிண்டி தொழிற்பேட்டை 1958-ல வந்தது. கடன் திட்டம், மெஷின் தவணைக்கு வாங்குற வழி, தொழில்நுட்ப ஆலோசனைன்னு எல்லாம் வந்துச்சு. இந்த வேலைக்கு அதிகாரிகளைப் பழக்குறதுக்காக ஹைதராபாத்துல ஒரு மத்திய அரசு நிறுவனம் இருந்தது, சுருக்கமா சியெட்னு சொல்வாங்க, இப்ப அதோட பேர் நிம்ஸ்மி. ஷெட்டும் கடனும் கொடுத்தா தொழில் தானா வரும்ங்கிற நம்பிக்கை மேலதான் அப்ப எல்லாத் திட்டமும் நின்னுச்சு. கொடுத்ததை எடுத்துப் பயன்படுத்துற ஆள் எங்கிருந்து வருவான்ங்கிற கேள்வி திட்டத்துல இல்லை. மெக்லெலண்டோட குழுவும் சியெட்டும் சேர்ந்தது இந்த இடத்துலதான்.

முன்னோட்டத்துல பார்த்தது

காக்கிநாடாவுக்கு முன்னாடியே சின்னச் சின்னதா வகுப்பு நடத்திப் பார்த்திருந்தாங்க, மும்பையிலயும் நடந்துச்சு. இந்தியாவுல நடந்த ஆரம்ப வகுப்பு ஒண்ணுல கலந்துக்கிட்ட ஒருத்தர் பத்தி மெக்லெலண்ட் 1965-ல எழுதியிருக்கார். அவருக்கு 47 வயசு, பெரிய எண்ணெய் கம்பெனில ஊழியர் விவகாரம் பார்க்குற மேனேஜர், நல்ல சம்பளம், ஊர்ல மரியாதை, ஆனா வேலை சலிச்சுப் போச்சு. ரிட்டயர் ஆகி, மகன் படிக்கிற இங்கிலாந்துக்கே போய் இருந்துடலாம்னு நினைச்சிட்டு இருந்தார். வகுப்பு ஆரம்பத்துல அவரோட சாதனைத் தேவை மதிப்பெண்ணும் ரொம்ப அதிகம்னு சொல்ல முடியாது. வகுப்பு முடிஞ்சு கொஞ்ச நாள்ல வேலையை விட்டார், கட்டுமானத் தொழில்ல இறங்கினார், ஆறு மாசத்துல பிளான் போட்டு, 10 லட்சம் டாலருக்கு மேல பணம் திரட்டி, அவங்க நகரத்துலயே உயரமான கட்டடத்தைக் கட்ட ஏற்பாடு பண்ணினார்.

எட்டு மாசம் கழிச்சுப் பேட்டி எடுத்தப்ப அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வச்சது. அந்த வகுப்பு எனக்கு உத்வேகம் கொடுத்துச்சுன்னு அவர் சொல்லலை. வாழ்க்கை முழுக்க அரைகுறையா மனசுல கிடந்த எண்ணங்களுக்கு அது ஒரு உருவம் கொடுத்துச்சு, நான் ஏன் சலிச்சுப் போயிருக்கேன்னு எனக்கே புரிஞ்சுதுங்கிற மாதிரி சொன்னார். மேடையில ஏறி உன்னால முடியும்னு கத்துற வகுப்புக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க.

ஆனா ஒரு ஆளை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. இவர் கையில காசும் இருந்துச்சு, அனுபவமும் இருந்துச்சு, வகுப்புக்கு வராமலே கூட இதைச் செஞ்சிருக்கலாம். அதனாலதான் பெரிய அளவுல, ஒப்பிட்டுப் பார்க்குற மாதிரி ஒண்ணு தேவைப்பட்டுச்சு.

எடுத்த முடிவுகள், அதுக்கான காரணங்கள்

முதல் முடிவு, நாடு முழுக்க அங்க ஒருத்தர் இங்க ஒருத்தர்னு எடுக்காம ஒரே ஊர்ல இருந்து நிறையப் பேரை எடுக்குறது. காக்கிநாடா அப்ப லட்சம் பேர் சொச்சம் இருந்த துறைமுக ஊர், நெல் விளையிற கோதாவரி மாவட்டம், எஞ்சினியரிங் காலேஜும் இருந்துச்சு. ஒரே ஊர்க்காரங்க சேர்ந்து போய்க் கத்துக்கிட்டு சேர்ந்து திரும்பினா, ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு தொடரும், தனியா ஒருத்தன் மட்டும் மாறி வந்தா ஊர் அவனைப் பழையபடி ஆக்கிடும்ங்கிறது அவங்க கணிப்பு. புதுசா ஒரு கூட்டம் கிடைச்சாத்தான் புதுப் பழக்கம் நிலைக்கும்னு மெக்லெலண்ட் எழுத்துலயே இருக்கு.

ரெண்டாவது, ஏற்கனவே தொழில், வியாபாரம் பண்றவங்களை எடுக்குறது. காலேஜ் பசங்களை எடுத்திருந்தா ரெண்டு வருஷத்துல ஒண்ணும் தெரியாது, தொழில் கையில இருக்கிறவன் மாறினா கணக்குப் புத்தகத்துலயே தெரியும்.

மூணாவது, ஊரை விட்டு வெளிய கூட்டிட்டுப் போறது. காக்கிநாடாவுல இருந்து 52 பேரை பேட்ச் பேட்ச்சா ஹைதராபாத்துக்கு வரவழைச்சு அங்கயே தங்க வச்சாங்க. கடைக் கவலை, வீட்டுக் கவலை எதுவும் இல்லாம தன்னைப் பத்தி மட்டும் யோசிக்க நாள் கிடைக்கணும்னு இந்த ஏற்பாடு.

நாலாவதுதான் என் பார்வையில மிச்ச மூணையும் விடப் பெருசு. பயிற்சி எடுக்காத வியாபாரிகளையும் இதே மாதிரி கவனிக்கிறது. கோதாவரிக் கரையில இருக்கிற ராஜமுந்திரியை அதுக்காக எடுத்தாங்க. பயிற்சிக்கு முன்னாடி ரெண்டு வருஷம், பின்னாடி ரெண்டு வருஷம் ரெண்டையும் எடுத்து, ரெண்டு தரப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. பின்னாடி வேலூர்லயும் வகுப்பு நடத்தினாங்க, அப்ப அது மெட்ராஸ் மாநிலம்.

வகுப்புல நடந்தது

முதல்ல படம் பார்த்துக் கதை எழுதச் சொன்னாங்க. அதுக்கு அடுத்ததுதான் புதுசு, மதிப்பெண் போடுற முறையையே வந்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. உளவியல்காரங்க ரகசியமா வச்சுக்கிற விடைத்தாள் திருத்துற முறையை வியாபாரி கையில கொடுத்து, உன் கதையை நீயே திருத்து, இப்ப மறுபடி எழுதுன்னாங்க. தன் மனசு எதைச் சுத்தி ஓடுதுன்னு தானே எண்ணிப் பார்க்குற அனுபவம் அது, மேல சொன்ன எண்ணெய் கம்பெனி மேனேஜருக்கும் இதுதான் திறவுகோல் ஆச்சுன்னு நினைக்கிறேன், ஏன்னா மாசக்கணக்கா ஆன பிறகும் அவர் அந்த வகுப்புல கத்த சொற்களை வச்சுத்தான் தன்னைப் பத்திப் பேசினார்.

அப்புறம் ஆட்டங்கள். ரிங் டாஸ்ல சாதனைத் தேவை அதிகமா இருக்கிறவங்க நடுத்தர தூரத்துல நிப்பாங்கன்னு முன்னாடியே ஆய்வு இருந்துச்சு, கிட்ட நின்னா ஜெயிச்சதுல அர்த்தம் இல்லை, எட்ட நின்னா ஜெயிச்சாலும் அது அதிர்ஷ்டம், நடுவுல நின்னாத்தான் நம்ம திறமையால முடிவு மாறும். தன் கதைல என்ன எழுதினோம், ஆட்டத்துல எங்க நின்னோம், கடையில எப்படி முடிவெடுக்கிறோம்னு மூணையும் சேர்த்துப் பார்க்க வைக்கிறதுதான் பாடம். நாம இன்னைக்கு வளையத்தை மட்டும் வீசிட்டு டீ பிரேக் விட்டுடுறோம்.

குழந்தைக் கதைகள், மதநூல்கள் மாதிரி தங்களோட சொந்த மரபு இந்த எண்ணத்தைப் பத்தி என்ன சொல்லுதுன்னு பேசுறதும் பாடத்துல ஒரு பகுதி. எனக்கு இது பிடிச்சிருக்கு. மனசுக்குள்ள ஒரு முரண்பாடு ஓடுறவனை அதை வாய்விட்டுப் பேச விட்டாத்தான் முன்னாடி போக முடியும்.

கடைசியா ஒவ்வொருத்தரும் அடுத்த ரெண்டு வருஷத்துக்கான இலக்கை எழுதணும். பெருசா கனவு இல்லாம, எட்டக்கூடியதா, அளந்து பார்க்கக்கூடியதா இருக்கணும். எழுதினதோட விடாம, குறிப்பிட்ட இடைவெளில எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு பதிவு பண்ணிட்டே வரணும்.

ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தது

அந்த ரெண்டு வருஷம் நாட்டுக்கே கஷ்ட காலம். 1965-ல பாகிஸ்தானோட போர், அதோட பெரிய வறட்சி, 1966 ஜூன்ல ரூபாய் மதிப்பைக் குறைச்சாங்க, டாலர் 4.76-ல இருந்து 7.50 ஆச்சு. கன்ட்ரோல் குரூப், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க பயிற்சி எடுக்காத ஒரு தரப்பு, இல்லைன்னா இந்தச் சூழ்நிலைல எந்த எண்ணுக்கும் அர்த்தம் சொல்ல முடியாது, நல்லது நடந்தா வகுப்பாலன்னும் கெட்டது நடந்தா வறட்சியாலன்னும் சொல்லிட்டுப் போயிருக்கலாம். பயிற்சி எடுக்காதவங்களும் இதே வறட்சியைத்தான் பார்த்தாங்க, இதே விலைவாசியைத்தான் பார்த்தாங்க.

தொழில்ல நேரடியா முன்னேற்றம் கொண்டுவந்த வேலை எதையாவது செஞ்சவங்களை 'சுறுசுறுப்பானவங்க'ன்னு வகைப்படுத்தினாங்க. காக்கிநாடா, வேலூர் ரெண்டையும் சேர்த்த கணக்குல, பயிற்சி எடுத்தவங்கள்ல அப்படி இருந்தவங்க முன்னாடி ரெண்டு வருஷத்துல 18 சதவீதம், பின்னாடி ரெண்டு வருஷத்துல 51 சதவீதம். பயிற்சி எடுக்காதவங்க 22-ல இருந்து 25-க்குத்தான் வந்தாங்க. புதுத் தொழில் தொடங்கினவங்களை மட்டும் எடுத்தா பயிற்சி எடுத்தவங்க பக்கம் 4 சதவீதம் 22 ஆச்சு, மத்தவங்க பக்கம் 7 வந்து 8. முதலீடு, புதுசா ஆள் எடுத்தது இதுலயும் பயிற்சி எடுத்தவங்கதான் முன்னாடி இருந்தாங்க. 1969-ல மெக்லெலண்டும் டேவிட் வின்டரும் இதை எல்லாம் புத்தகமா வெளியிட்டாங்க.

பழைய நம்பிக்கை உள்ளவன், நெத்தில சின்னம் வைக்கிறவன், வேட்டி கட்டுறவன் இதுக்கெல்லாம் சரிப்பட மாட்டான்ங்கிற பேச்சு அந்தக் காலத்து வெளிநாட்டு ஆய்வுகள்ல நிறைய இருந்துச்சு. காக்கிநாடா அதை ஏத்துக்கலை. மரபான வாழ்க்கை வாழ்றது ஒரு தடையா நிக்கலைங்கிறதுதான் அங்க வந்த முடிவு.

யாருக்கு வேலை செஞ்சது, யாருக்குச் செய்யலை

51 சதவீதம்னா மிச்சம் பாதிப் பேர் பெருசா அசையலைன்னு அர்த்தம். அவங்களைப் பத்தித்தான் நாம அதிகம் யோசிக்கணும். ஆய்வுல தெளிவா வந்தது ஒண்ணு, தன் தொழில்ல முடிவெடுக்குற அதிகாரம் யார் கையில இருந்துச்சோ அவங்ககிட்டதான் பயிற்சி நல்லா பலிச்சது. அதே வகுப்பு, அதே ஆட்டம், அதே இலக்குத் தாள், ஆனா திரும்பிப் போன இடத்துல ஒரு மெஷின் வாங்கணும்னா வேற யாரையாவது கேக்கணும்ங்கிற நிலைமையில இருந்தவங்களுக்கு வகுப்பு அவ்வளவா உதவலை. குடும்பத் தொழில்ல வளர்ந்தவங்களுக்கு இது எப்படி இருக்கும்னு விளக்க வேண்டியதில்லை, கல்லாப்பெட்டிச் சாவி அப்பா இடுப்புலயோ பெரியப்பா இடுப்புலயோ இருக்கும், மகன் கையில ஹைதராபாத் சர்டிபிகேட் இருக்கும்.

இன்னொண்ணு ஆய்வாளர்களையே திரும்ப யோசிக்க வச்சது. கதையில வாங்கின மதிப்பெண் கூடினதை மட்டும் வச்சு, யார் ஊருக்குப் போய்த் தொழில்ல இறங்குவாங்கன்னு சொல்ல முடியலை. மதிப்பெண் எப்படி வரும்னு சொல்லிக் கொடுத்துட்டா எல்லாருக்கும் மதிப்பெண் கூடத்தான் செய்யும். என்னால இதைச் செய்ய முடியும், செஞ்சா முடிவு மாறும்ங்கிற நம்பிக்கைதான் உள்ளுக்குள்ள வேலை செஞ்சிருக்கணும்ங்கிற பக்கம் அவங்க விளக்கம் நகர்ந்துச்சு. தன் கோட்பாட்டுக்கு ஒத்துவராததை மறைக்காம எழுதினதுக்கு அவங்களை மதிக்கணும்.

குறைகளும் உண்டு. வந்தவங்க தானா விருப்பப்பட்டு வந்தவங்க, விருப்பப்பட்டு வர்றவன் ஏற்கனவே கொஞ்சம் துடிப்பானவனாத்தான் இருப்பான். ஹார்வர்டு பேரு, ஹைதராபாத் பயணம், நம்மளை யாரோ தேர்ந்தெடுத்திருக்காங்கங்கிற பெருமை, தொடர்ந்து வந்து விசாரிக்கிற ஆய்வாளர்கள், இதெல்லாம் சேர்ந்து வந்த பலனை வகுப்போட பலனா எடுத்துக்கலாமாங்கிறது நியாயமான கேள்வி. மெக்லெலண்ட் இதை ஒளிக்கலை, இது வேலை செய்யும்னு நம்ப வைக்கிறதே பயிற்சியோட ஒரு பகுதின்னுதான் வாதாடினார். அதை நான் பாதிதான் ஏத்துக்கிறேன், ஏன்னா நம்பிக்கைதான் மருந்துன்னா ரிங் டாஸ் இல்லாம வேற எதைச் செஞ்சாலும் இதே பலன் வந்திருக்கலாமே.

அதுக்கப்புறம் வந்தது

1970 வாக்குல குஜராத்ல வி.ஜி.படேலும் அங்க இருந்த தொழில் முதலீட்டுக் கழகமும் இந்த அனுபவத்தை எடுத்துக்கிட்டு வேற வழியில போனாங்க. தொழில்ல இருக்கிறவங்களை விட்டுட்டு புது ஆளுங்களை, வேலை பார்க்குறவங்களை, படிச்சு முடிச்சவங்களைத் தேர்ந்தெடுத்தாங்க, உத்வேகப் பயிற்சியோட தொழில் தேர்வு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கணக்கு, பேங்க் லோன் ஏற்பாடு எல்லாத்தையும் கோர்த்தாங்க. நாம இன்னைக்கு ஈடிபின்னு சொல்ற உருவம் அங்க வந்ததுதான். மனசு மட்டும் போதாது, மனசு தயாரானவன் கையில வழியும் இருக்கணும்ங்கிற அந்த முடிவு சரியான முடிவு, காக்கிநாடாவுல அசையாம போன பாதிப் பேருக்கு ஒரு பதில்னு கூட சொல்லலாம். 1982-ல மத்திய அரசோட அறிவியல் தொழில்நுட்பத் துறைல தொழில்முனைவுக்குன்னு ஒரு வாரியம் வந்துச்சு, 1983-ல அகமதாபாத்ல ஈடிஐங்கிற தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனம், 1986-ல திருச்சில ட்ரெக்-ஸ்டெப்ங்கிற தொழில்முனைவோர் பூங்கா. வெளிய 1988-ல அர்ஜென்டினாவுல ஐநா ஆரம்பிச்ச எம்ப்ரெடெக் பயிற்சிக்கும் மெக்லெலண்டோட வேலைதான் அடித்தளம். அமெரிக்காவுல பாப்சன் காலேஜ் 1968-ல இளநிலைப் படிப்புலயே தொழில்முனைவை ஒரு சிறப்புப் பிரிவா வச்சுடுச்சு, அங்கிருந்து பாடத்திட்ட வழி தனியா பெருகிச்சு.

ஈ-செல், இன்குபேட்டர், ஹேக்கத்தான் எல்லாம் நம்ம காலேஜ்களுக்கு வந்து சேர்ந்தப்ப காக்கிநாடாவுல இருந்து ஆட்டங்கள் வந்துச்சு, இலக்குத் தாள் வந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுப் போய்ப் பார்க்குற பழக்கம் வரலை. எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்க, எத்தனை ஐடியா வந்துச்சு, எத்தனை போட்டோங்கிற ரிப்போர்ட்தான் மேல போகுது. அப்ளை பண்ணி இடம் கிடைக்காத பசங்க என்ன ஆனாங்கன்னு பார்த்தா நம்ம பயிற்சியோட உண்மையான பலன் தெரிஞ்சிடும், அதை யாரும் பார்க்குறது இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருது, ஏன்னா 1964-ல கம்ப்யூட்டரோ ஊருக்கு ஊர் போனோ இல்லாத காலத்துல இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க.

என்ன மாத்தணும்

ஒரு காலேஜ்ல இந்த மாதிரி பயிற்சி நடத்துற பொறுப்பு இருக்கிறவங்க, சேர்க்கும்போதே ஒரு கேள்வி கேக்கலாம்: இங்க கத்துக்கிட்டுப் போனா அடுத்த மாசம் உன் முடிவுலயே செய்யக்கூடிய ஒரு விஷயம் என்ன, எவ்வளவு ரூபாய் வரைக்கும்? பதில் இல்லாதவங்களைத் தள்ள வேண்டாம், அவங்க வீட்டுல முடிவெடுக்குறவரையும் ஒரு நாளாவது கூப்பிட்டு உட்கார வைக்கணும். அப்பாவோ அண்ணனோ அம்மாவோ, யார் கையில சாவி இருக்கோ அவங்க.

பசங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஊர், ஒரே தாலுகாவுல இருந்து வர்றவங்களை ஒரே பேட்ச்ல போடுறது நல்லது. டிகிரி முடிஞ்சு திரும்பிப் போற இடத்துல நாலு பேர் சேர்ந்து இருந்தா பேச்சு நிக்காது.

இடத்தை விட அதிகம் பேர் அப்ளை பண்ணா, தகுதி உள்ளவங்களுக்குள்ள சீட்டு குலுக்கிப் போட்டு எடுக்கலாம். அப்ப இடம் கிடைக்காதவங்களே நேர்மையான ஒப்பீடு ஆயிடுவாங்க, காக்கிநாடாவுல இருந்த பெரிய ஓட்டையும் அடையும். அவங்க போன் நம்பரையும் சம்மதத்தையும் அன்னைக்கே வாங்கி வச்சுக்கணும், அடுத்த வருஷ பேட்ச்ல முதல் இடம் தர்றதாவும் சொல்லிடணும்.

அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வருஷம், ரெண்டு தரப்புக்கும் ஒரே கேள்விகளோட போன். புதுசா ஏதாவது தொடங்கினியா, காசு போட்டியா, ஆள் வச்சியா, எத்தனை மணி நேரம் வேலை, எதை நிறுத்தின. பயிற்சி நடத்தினவரே போன் பண்ணக் கூடாது, மரியாதைக்காக நல்லபடியா சொல்லிடுவாங்க, அதனால வேற துறை ஆளு யாராவது கேக்கணும். அந்தச் செலவை பட்ஜெட்ல முதல் வருஷமே தனியா எழுதி வாங்கிடணும், ஏன்னா மூணாவது வருஷம் கேட்டா பயிற்சிதான் முடிஞ்சுபோச்சேன்னு சொல்வாங்க.